முன்காலுக்குக் கீழே களிமண்

மகனே,

நாங்கள் சுகம், உன் சுகம் அறிய ஆவல் என்று தொடங்கி உனக்குப் பதினொரு வருடம் கடிதம் எழுதினேன். இன்று அந்த வரியை எழுதக் கை வரவில்லை. நான் சுகமாக இல்லை. சோறு இறங்குவதில்லை. கார் ஓட்டும்போது சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போய், தெருவைக் கடந்துகொண்டிருந்த ஒரு டேனிஷ் கிழவியிடம் நல்ல ஏச்சு வாங்கினேன். நீ இக்காஸ்டில் உன் சிநேகிதன் வீட்டில் இருக்கிறாய் என்று கேள்விப்பட்டு, வியாழக்கிழமை வேலை முடிந்த கையோடு வந்து மணியடித்தேன். யன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து என்னை ஒரு மாதிரிப் பார்க்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஆனால் உன் வேலைச் சப்பாத்தை நீ கோபத்தில் இங்கே விட்டுவிட்டுப் போனாய். இரும்பு முனை வைத்த சப்பாத்து இல்லாமல் உன்னைக் கடலில் நிற்கும் எண்ணெய் மேடையில் ஏற்றமாட்டார்கள். அதனால் திங்கட்கிழமை காலையில், நான் வேலைக்குப் போயிருப்பேன் என்று பார்த்து நீ கிரின்ஸ்டெட்டில் எங்கள் வீட்டுக்கு வருவாய். அம்மா பக்டரியில் இருப்பாள். குசினிக் கதவுக்குப் பின்னால் கையை விடுவாய், சப்பாத்துக்குப் பதிலாக இந்தக் கடிதம் அகப்படும். உனக்குக் கோபம் வரும், வரட்டும். சப்பாத்து எங்கே என்று இதற்குள் எழுதியிருக்கிறேன், கடைசியில் எழுதியிருக்கிறேன். தாள்களைத் தூக்கிப்போட்டுவிட்டு அலுமாரி அலுமாரியாகத் தேடாதே, கிடைக்காது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து வாசி.

நேரே சொல்லலாமே என்று கேட்பாய். நீ இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது, நாங்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் ஒழுங்காகக் கதைத்தது எப்போது என்று சொல் பார்க்கலாம். உப்பு எடு, டீவியைக் குறை, கார்ச் சாவி எங்கே, அவ்வளவுதான். எனக்குத் தகப்பனாக இருக்கத் தெரிந்ததெல்லாம் கடிதத்தில்தான். படிக்கவென்று இங்கே வந்தவன் ஒரு வேலை கிடைத்ததும் நின்றுவிட்டேன், நீயும் அம்மாவும் ஊரிலேயே நின்றுவிட்டீர்கள். நீ எட்டாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டதற்கு நான் ஏசியதும் விமானத் தபால் நீலத்தாளில்தான், உனக்கு அம்மை போட்டபோது நான் பயந்ததும் நீலத்தாளில்தான். அது போய்ச் சேருவதற்குள் நீ அடுத்த வகுப்பில் இருந்தாய், அம்மைத் தழும்பும் ஆறியிருந்தது. ஆகவே பழகிய வழிக்கே திரும்பி வந்திருக்கிறேன். இந்த முறை தபால் பிந்தக்கூடாது என்பதுதான் என் ஒரே பிரார்த்தனை.

அம்மா அப்போது உன்னைத் தாளின் மேல் நிற்கவைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு கீறி அனுப்புவாள், ஞாபகம் இருக்கிறதா? அதை வெட்டி எடுத்துக்கொண்டு நான் கடை கடையாகப் போவேன். சப்பாத்துக்குள் அந்தத் தாள் பாதத்தை விட்டுப் பார்க்கும் கறுத்த மனிதனை விற்பனைப் பெண்கள் விநோதமாகப் பார்ப்பார்கள். பார்சல் போய்ச் சேரும் நாளில் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று நானே ஒரு கணக்குப் போட்டு, ஒரு அளவு கூட்டி வாங்குவேன். ஒரு முறையாவது சரியாக வரவில்லை. எப்போதும் சின்னதாகிவிட்டது என்று அம்மா எழுதுவாள், பெரியம்மாவின் மகனுக்குக் கொடுத்துவிட்டோம் என்று எழுதுவாள். மண் எப்போது இடியும் என்று முன்கூட்டிச் சொல்வதற்குச் சம்பளம் வாங்கும் நான், என் பிள்ளையின் கால் வளர்வதைச் சொல்ல முடியாதவனாக இருந்தேன். நீ விமான நிலையத்தில் வந்து இறங்கிய அன்று கதவுக்குள்ளிருந்து வந்த உயரமான பையனைத் தாண்டிப் போய், பின்னால் அம்மாவோடு ஒரு சின்னப் பையன் வருகிறானா என்று தேடினேன். நீதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். நான் கொண்டு வந்த குளிர்ச்சட்டை உன் முழங்கையோடு நின்றுவிட்டது. நீ அதைப் போட்டுக்கொண்டே கார்வரை நடந்தாய், என் மனம் நோகக்கூடாது என்று. அந்த நடையை நான் மறக்கவில்லை.

இனி உனக்கு அந்த மேடை வேலை கிடைத்த கதைக்கு வருகிறேன். இக்காஸ்டில் பின்னல் ஆலை ஆட்களைக் குறைத்தபோது முதலில் போனது உன் பெயர். நீ கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய். அம்மா என்னைச் சாப்பிட விடவில்லை. "இத்தினை வருஷம் இஞ்ச இருக்கிறியள், உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு மனிசன் இல்லையோ? ஆரையாவது பிடிச்சு உள்ள விடுங்கோவன்" என்றாள். எங்கள் ஊரில் தகப்பன் அதைச் செய்யாவிட்டால்தான் பிழை. நான் யாரைப் பிடிப்பேன்? மேடைகளுக்கு மண் கணக்குப் பார்க்கும் எனக்கு மேடைக்காரரைத்தான் தெரியும். அம்மா சுட்ட ரோல்ஸை ஒரு பிஸ்கட் பேணியில் அடுக்கி எடுத்துக்கொண்டு எஸ்பியர்க் துறைமுகத்தில் மேடையின் மனேஜர் ஓலேயிடம் போனேன். உறைப்பில் அவனுக்குக் கண்ணால் நீர் வந்தது. இன்னும் ஒன்று எடுத்துக்கொண்டு, பையனை அனுப்பு, டெக்கில் வேலை பழகட்டும் என்றான். நான் வீடு வரும்வரை காருக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். என்ன கோதாரிக்குப் பாடினேனோ.

மேடை எப்படி நிற்கிறது என்று உனக்குத் தெரியும், ஆனால் அது எப்படி விழும் என்று உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று மூன்று கால் உள்ள பெரிய மிதவை அது. இழுவைக் கப்பல் அதை இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும், மூன்று கால்களையும் கடலடியில் ஊன்றுவார்கள், மேடை தன் கால்களைப் பிடித்துத் தானே மேலே ஏறும். அப்படியே நம்பிவிட முடியாது. பெரிய புயல் வந்தால் கால்களுக்கு எவ்வளவு பாரம் வருமோ அவ்வளவு பாரத்தை முதலே ஏற்றிப் பார்க்கவேண்டும். அதற்காகக் கடல் தண்ணீரைத் தொட்டிகளுக்குள் இறைத்து நிரப்பி, பொறுத்திருந்து பார்ப்பார்கள். கால் அசையாவிட்டால் தண்ணீரைத் திறந்துவிட்டு மேடையை இன்னும் உயர்த்துவார்கள். கீழே ஒரே வகை மண் என்றால் பயமில்லை. பாரம் ஏற ஏறக் கால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், நிறுத்தி நிறுத்திச் சரிசெய்யலாம். மேலே இறுகிய மணல், அதற்குக் கீழே இளகிய களிமண் என்றால்தான் ஆபத்து. மணல் அசையாது, எல்லோரும் சந்தோஷமாக இன்னும் தண்ணீர் விடுவார்கள். பிறகு ஒரு கணத்தில் மணல் உடைந்து, கால் களிக்குள் வீடு உயரத்துக்கு இறங்கிவிடும். ஒரு கால் மட்டும் போகும். மேடை அந்தப் பக்கம் சாயும், மற்ற இரண்டு கால்களும் அந்தச் சாய்வைத் தாங்காமல் வளையும்.

உனக்கு இது நடந்திருக்கிறது. நான் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது நாவற்குழிப் பக்கம் வெட்டவெளியில் வாடகைக் கார் வந்தது, பழைய ஏ40. உப்பு பூத்துக் காய்ந்து, வெயிலில் சீமெந்து போலக் கிடந்த தரை. சாரதி வெறுங்காரைக் குறுக்கே ஓட்டிக்கொண்டு வந்து, "பாருங்கோ, றோட்டை விடத் திறம்" என்றான். நாங்கள் எல்லோரும் பெட்டிகளோடு ஏறினோம். கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு ஒரு சில்லு மட்டும் காய்ந்த மேல்படையை உடைத்துக்கொண்டு கறுத்த சேற்றுக்குள் போனது. நான்கு சில்லும் போயிருந்தால் கார் நிமிர்ந்தபடி நின்றிருக்கும். ஒன்று போனதால் கார் சரிந்து கதவு உன் நாடியில் அடித்தது. நீ சவரம் செய்யும்போது சுற்றிக்கொண்டு போகிறாயே, அந்தத் தழும்பு அதுதான். வரும்போது பிடித்த தரை போகும்போது ஏன் பிடிக்கவில்லை என்று ரத்தத்தோடு கேட்டாய். நல்ல கேள்வி என்று நினைத்தேன், பதில் சொல்லாமல் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பதில் இதுதான்: தரை மாறவில்லை, பாரம் மாறியது.

மேடை இப்போது போகப்போகும் இடத்துக்குக் கணக்குப் போட்டது நான். நீ வேலைக்குச் சேர முதலே போட்டுக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். இடத்தின் நடுவில் ஒரு துளை போட்டு மண் எடுத்துத் தந்தார்கள். மேலே நல்ல தடிப்பான மணல், கீழே களி. மணல் அவ்வளவு தடிப்பாக இருந்தால் பாரத்தை அகலமாகப் பரப்பித்தான் களியிடம் கொடுக்கும். தாங்கும் என்று எழுதினேன். மூன்று கால்களும் அந்த நடுத்துளையிலிருந்து எவ்வளவு எட்டி நிற்கின்றன என்று எனக்குத் தெரியும். கப்பலிலிருந்து ஒலியை அடித்து வாங்கிய எதிரொலிப் படமும் இருந்தது, நீளச் சுருளாக. அதை ஒருமுறை விரித்துப் பார்த்தேன். முன்கால் வரும் பக்கத்தில் ஒரு மங்கலான கோடு மேலே ஏறுவது போல இருந்தது. கடல் கொந்தளிப்பில் கருவி ஆடியிருக்கும் என்று நினைத்து மறுபடி சுருட்டி வைத்தேன். எத்தனையோ இடங்களுக்கு அப்படித்தான் செய்திருக்கிறேன். மேடைகள் நின்றன, என் கணக்கு சரி என்று நானும் நம்பிக்கொண்டு இருந்தேன்.

நீ சேர்ந்த அடுத்த வாரம், மத்தியானம், எல்லோரும் சாப்பாட்டு அறைக்குப் போன பிறகு அந்தச் சுருளை மறுபடி மேசை முழுக்க விரித்தேன். யாரும் கேட்கவில்லை. என் பிள்ளை நிற்கப்போகிற இடம் என்று ஒரு ஆசையில்தான் விரித்தேன், படம் பார்ப்பது போல. அந்தக் கோடு இப்போது எனக்குக் கருவியின் ஆட்டமாகத் தெரியவில்லை. பழைய காலத்தில் அங்கே ஆறு ஓடியிருக்கிறது, ஆறு அறுத்த பள்ளத்தைக் களி நிரப்பியிருக்கிறது. முன்காலுக்குக் கீழே களி மேலே ஏறி வருகிறது. மணல் அங்கே மெல்லியதாக இருக்கிறது. மெல்லிய மணலை வைத்துக் கணக்கை மறுபடி போட்டேன். தொட்டிகள் நிரம்புவதற்கு முன்பே கால் குத்திக்கொண்டு போகும் என்று வந்தது. பிழை தேடி மறுபடி போட்டேன், வந்தது. களியின் வலிமையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன், அப்போதும் வந்தது. மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு வருவது கேட்டது.

என் மேலதிகாரி கார்ஸ்டன் கெட்டவன் இல்லை, அதை முதலில் சொல்லவேண்டும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டான், சுருளைக் குனிந்து பார்த்தான். கோடு மங்கல்தான், ஆறாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம் என்றான். அது உண்மை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: இதை எப்போது மறுபடி எடுத்துப் பார்த்தாய்? என் மகன் அந்த மேடையில் சேர்ந்த பிறகு என்றேன். பொய் சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "இன்ஹபில்" என்று ஒரு சொல் சொன்னான். சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லாதவன் என்று அர்த்தம். உன் பையனை அங்கே சேர்த்தது நீதானே, இப்போது உன் கணக்கை நான் எப்படி நம்பி எடுப்பது என்று கேட்டான். கோப்புகளை வேறொருவரிடம் கொடுத்தான். அவர் நடுத்துளையை வைத்துக் கணக்குப் போட்டார். தாங்கும் என்று வந்தது. வராமல் என்ன செய்யும், அது என்னுடைய பழைய கணக்குத்தானே.

பார் மகனே, நான் என்ன செய்துவிட்டேன் என்று. நீ அங்கே இல்லாவிட்டால் நான் சொல்வதை அவர்கள் கேட்டிருப்பார்கள். நீ அங்கே இல்லாவிட்டால் நான் அந்தச் சுருளை விரித்தே இருக்கமாட்டேன். இரண்டும் உண்மை, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விசர் பிடித்தவன் போல அலைகிறேன். முன்காலுக்கு ஒரு தனித் துளை போடுங்கள் என்று கெஞ்சினேன். துளை போடும் கப்பல் வர நாளாகும், அதற்குள் கடல் அமைதி போய்விடும், எண்ணெய் விலை விழுந்து கிடக்கிறது, வேலையில்லாத மேடைகள் துறைமுகத்தில் வரிசையாக நிற்கின்றன, இந்த மேடை பிந்தினால் வேலை வேறு மேடைக்குப் போய்விடும் என்றார்கள். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். சில நேரம் எனக்கே சந்தேகம் வருகிறது, அந்தக் கோடு ஆறா, என் பயமா என்று. களியைப் பார்க்கிறேனா, உன்னைப் பார்க்கிறேனா என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், நான் கண்ணை அகல விரித்துப் பார்த்த முதல் படம் அதுதான். மற்ற மேடைகளில் நின்ற பிள்ளைகளுக்கும் எங்கேயோ தகப்பன்மார் இருந்தார்கள். அவர்களுக்காக நான் ஒரு சுருளையும் இரண்டாம் முறை விரிக்கவில்லை. அதை நினைத்தால் எனக்குக் கண்ணாடி பார்க்கக் கூசுகிறது.

அவர்கள் மறுத்த அன்றுதான் வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். குசினியில், நீ கோழிக்கறியும் பாணும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். எவ்வளவு மோசமாகச் சொன்னேன் என்று இப்போது விளங்குகிறது. விபரம் ஒன்றும் சொல்லாமல், "இந்த முறை போகாத. அடுத்த இடத்துக்குப் போ, இதுக்கு மட்டும் வேண்டாம்" என்றேன். ஏன் உங்கள் கணக்குப் பிழைத்துவிட்டதா என்று சிரித்தாய். ஓம் என்றேன். அப்படியென்றால் கந்தோரில் உங்கள் ஆட்களுக்குச் சொல்லவேண்டியதை எனக்கேன் சொல்கிறீர்கள் என்றாய். சொன்னேன், நம்புகிறார்கள் இல்லை என்றேன். நீ சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாய். "வேலையையும் நீங்களே பிடிச்சுத் தாறியள், நீங்களே பறிக்கிறியள். நான் என்ன, நீங்கள் அனுப்பிற பார்சலோ அப்பா?"

அம்மா உன் பக்கம் நின்றாள். அவளுக்குக் களி தெரியாது, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த பிள்ளையைத்தான் தெரியும். நான் சத்தம் போட்டேன். அவர்களோடு சேர்ந்து சாகப்போகிறாயா என்று கேட்டேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததும் அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நீ வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாய். "அங்க என்னோட நிக்கிறவங்களுக்குச் சொல்லாமல் நான் மட்டும் இறங்கிறதோ? அப்பிடி ஒரு பிள்ளை உங்களுக்கு வேணுமோ?" பிறகு கதவு சாத்தும் சத்தம். சப்பாத்தை விட்டுவிட்டுப் போனாய்.

மகனே, அப்படி ஒரு பிள்ளை எனக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு உயிரோடு ஒரு பிள்ளை வேண்டும், அவன் கோழையாக இருந்தாலும் பரவாயில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், நீ தகப்பனாகும் நாளில் விளங்கும். நீ கேட்டதுதான் சரி என்றும் எனக்குத் தெரியும். கந்தோரில் நாங்கள் கேட்கவேண்டிய கேள்வியை டெக் கழுவுகிற நீ கேட்டாய். பதினொரு வருடம் நான் பக்கத்தில் இல்லாமலேயே நீ இப்படி வளர்ந்திருக்கிறாய். அது அம்மாவின் வேலை, என்னுடையது இல்லை.

எனவே வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு மறுபடி ஓலேயிடம் போனேன், இந்த முறை பேணி இல்லாமல். உன்னை நிறுத்தச் சொல்லி முதலில் கேட்கவில்லை. பாரம் ஏற்றும்போது மேடையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே மட்டும் வைத்திருக்கச் சொன்னேன். அப்படி இருந்தால் கால் போனாலும் மேடை கொஞ்சம் சரிந்து தண்ணீரில் மிதக்கும், ஆட்கள் முழங்காலில் விழுவதோடு போய்விடும். உயரத்தில் வைத்து ஏற்றினால்தான் எல்லாம் போகும். மூன்று காலுக்கும் ஒன்றாக நிரப்பாமல் ஒவ்வொரு காலாக, முன்காலை முதலில், கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பச் சொன்னேன். ஓலே தலையைச் சொறிந்தான். தாழ வைத்தால் அலை அடியில் மோதும், கடல் அமைதியாக இருந்தால் செய்யலாம், அலை எழும்பினால் உயர்த்தத்தான் வேண்டும் என்றான். யார் நிறுத்தச் சொல்வது, என் ஆட்களுக்கு இந்த மண் விவகாரம் தெரியாதே என்று கேட்டான். நான் சொல்கிறேன் என்றேன். முன்காலுக்குப் பக்கத்தில் நின்று அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன், நான் கையைத் தூக்கினால் தண்ணீரைத் திறந்துவிடு என்றேன். கார்ஸ்டனிடம் தொலைபேசியில் கேட்டார்கள். கணக்குச் சொல்லத்தான் அவன் தகுதியில்லாதவன், நின்று பார்ப்பதற்குத் தடையில்லை, ஆனால் தகப்பனும் மகனும் ஒன்றாக மேடையில் நிற்கக்கூடாது என்று கார்ஸ்டன் சொன்னானாம்.

மேடை இடம் மாறும்போது அதில் ஆட்கள் குறைவு, கட்டில்களும் குறைவு. ஒருவன் ஏறவேண்டுமென்றால் ஒருவன் இறங்கவேண்டும், யாருடைய கட்டில் என்று ஓலே கேட்டான். அவன் கேட்டு முடிக்கவில்லை, நான் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். அவன் பென்சிலால் கோடு போட்டான். அடுத்த பயணத்துக்கு உன் வேலை அப்படியே இருக்கிறது. மகனிடம் நீயே சொல்லிவிடு என்றான், ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மறுபடியும் உனக்குத் தெரியாமல், உன்னைக் கேட்காமல், உன் விஷயத்தில் ஆளைப் பிடித்துவிட்டேன். பார்சல்தான், ஓம். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கோபப்படு. கரையில் நின்று கோபப்படு.

உன்னோடு நிற்பவர்களுக்குச் சொல்லாமல் இறங்கமாட்டேன் என்றாயே. இன்று இரவு நான் ஏறியதும் ஒவ்வொருவருக்கும் சொல்லப்போகிறேன், எனக்குத் தெரிந்த கொச்சை டேனிஷில். அந்த ஏ40 கதையைச் சொல்லப்போகிறேன். தண்ணீர் நிரப்பும் நேரம் உள்ளே இருக்காதீர்கள், படுத்திருக்காதீர்கள், கைப்பிடிக்குப் பக்கத்தில் மேலே நில்லுங்கள் என்று கேட்கப்போகிறேன். ஓடம் ஏறினாலே எனக்கு வயிற்றைப் புரட்டிச் சத்தி வரும் என்று உனக்குத் தெரியும், கொப்பன்ஹேகன் போகும் பெரிய பயணிகள் கப்பலில்கூட நான் கழிப்பறைக்குள்ளேயே பயணம் செய்தவன். நீந்தவும் தெரியாது. என்னைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒருவேளை அந்தக் கோடு வெறும் கோடாகவே இருக்கலாம். அப்படியென்றால் எல்லோருடைய நேரத்தையும் வீணாக்கிய பயந்தாங்கொள்ளி என்று கந்தோரில் என் காதுபடக் கதைப்பார்கள். நான் அதைத்தான் கேட்டுக் கும்பிடுகிறேன். வாழ்நாளில் என் கணக்குப் பிழைக்கவேண்டும் என்று நான் ஆசைப்படும் முதல் இடம் இது.

அம்மாவிடம் கொப்பன்ஹேகனில் கூட்டம் என்று சொல்லியிருக்கிறேன். அவள் என் உடுப்புப் பெட்டிக்குள் டை வைத்திருக்கிறாள். நீ ஒன்றும் சொல்லாதே, வந்து நானே ஏச்சு வாங்கிக்கொள்கிறேன். நீ சொல்லவேண்டி வந்தால் குசினியில் வைத்துச் சொல்லாதே, அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். முன்னறையில் இருத்தி, பக்கத்தில் நீயும் இருந்து சொல். அதற்குப் பிறகு இந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும், பிள்ளைகளை மேடையில் ஏற்றிவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு வரும் எந்தத் தகப்பனும் வாசிக்கட்டும். நீ அடுத்த முறை ஏறும்போது, எத்தனை துளை போட்டீர்கள் என்று கேட்டுவிட்டு ஏறு. டெக்கில் வேலை செய்கிறவன் இதைக் கேட்கக்கூடாது என்று எங்கேயும் எழுதியில்லை.

இனி சப்பாத்து. அதை ஒளிக்கவில்லை. இரும்பு முனைச் சப்பாத்து இல்லாமல் என்னையும் ஏற்றமாட்டார்கள், இன்று ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பூட்டு. பெரிதாக இருக்கும், இரண்டு சோடி காலுறையோடு போடலாம் என்று நினைத்துத்தான் காலை விட்டேன். சரியாக இருந்தது. ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. தாளில் கீறி அனுப்பிய அந்தப் பாதம் எப்போது என்னுடையதோடு வந்து சேர்ந்தது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

கடிதம் இருந்த இடத்துக்குக் கீழே பார். என் கந்தோர்ச் சப்பாத்து, பழுப்பு நிறம், நேற்றுத்தான் மினுக்கினேன். ஒருமுறை போட்டுப் பார். எத்தனையோ சோடி அனுப்பினேன், இது ஒன்றாவது உனக்கு அளவாக இருக்கும்.

அப்பா